கைதிக்குச் சோறு, பலிக்குச் சாட்சி

நரபலி விளையாட்டு என்றதும் ரத்தம், அலறல், மந்திரக் கூச்சல் என்றுதான் மனசில் வரும். வெளித்தோற்றத்தில் அதெல்லாம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பத்து மணி நேரம் ஆடிப் பார்த்தால் உள்ளே இருப்பது மளிகைக்கடைக் கணக்கு. எத்தனை பேருக்குச் சோறு, யார் வேலை செய்கிறார்கள், யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், யாரை எப்போது தீர்க்கலாம். இந்தக் கணக்கைத்தான் இந்தக் குறிப்பில் பிரித்துப் பார்க்கப் போகிறேன். கதையைப் பற்றியும் ஆங்காங்கே பேசவேண்டி வரும். முடிவு தெரிந்துவிடக்கூடாது என்பவர்கள் கடைசிப் பகுதிக்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

எடுத்துக்கொண்ட முக்கிய உதாரணம் 'கல்ட் ஆஃப் த லேம்ப்'. மெல்போர்னைச் சேர்ந்த மாஸிவ் மான்ஸ்டர் உருவாக்கி, டெவால்வர் டிஜிட்டல் 2022 ஆகஸ்ட் 11-ல் வெளியிட்டது. ஒப்பிட இரண்டு பழைய ஆட்டங்கள்: புல்ஃப்ராக் நிறுவனத்தின் 'டஞ்சன் கீப்பர்' (1997), கிட்ஃபாக்ஸ் கேம்ஸின் 'த ஷ்ரௌடட் ஐல்' (2017). மூன்றிலும் நாம்தான் கெட்டவன். மூன்றிலும் ஆட்கள்தான் சரக்கு.

இப்படிப்பட்ட எந்த ஆட்டத்தைப் பிரித்துப் போட்டாலும் மூன்று கேள்விகளுக்கு அது பதில் வைத்திருக்கும்.

1. ஒருவரை உயிரோடு வைத்திருக்க என்ன செலவு?
2. அவரைத் தீர்த்தால் என்ன வரவு?
3. அதை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

முதல் இரண்டும் சாதாரண வரவு செலவு. விஷயம் மூன்றாவதில் இருக்கிறது.

சாட்சி இல்லாத சிறை

டஞ்சன் கீப்பரில் நாம் பாதாளக் குகையின் அதிபதி. நல்லவர்களான வீரர்கள் நம்மைத் தாக்க வருவார்கள். அடித்து வீழ்த்தினால் இரண்டு வழி. அப்படியே சாகவிடலாம். அல்லது 'சிறைப்பிடி' என்ற அமைப்பைப் போட்டுவைத்தால், மயங்கி விழுந்தவர்களை இம்ப் என்கிற குட்டிச்சாத்தான்கள் சிறைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

சிறையில் சாப்பாடு கிடையாது. அப்படியே விட்டால் கைதி பட்டினியில் செத்து, எலும்புக்கூட்டுப் போராளியாக எழுந்து நம் படையில் சேர்ந்துவிடுவான். செலவே இல்லாத ஆள்சேர்ப்பு. ஆனால் வந்தவன் பெரிய வீரனாக இருந்தால் எலும்புக்கூடாக்குவது நஷ்டம். அவனுக்குக் கோழியைத் தூக்கிப் போட்டு உயிரோடு வைத்திருந்து, வதைக்கூடத்துக்கு மாற்ற வேண்டும். அங்கே கொஞ்ச நேரம் கிடந்தால் மனம் மாறி, தன் திறமை குறையாமல் நம் பக்கம் வந்துவிடுவான். நடுவில் செத்துப்போனால் பேயாக வருவான். சாகாமல் இருக்க இடையிடையே குணப்படுத்தும் மந்திரம் போட்டுக்கொண்டே வதைப்பது, ஆடியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த உத்தி. எழுதும்போதே ஒரு மாதிரி இருக்கிறது. ஆடும்போது அப்படி இருக்காது. அதுதான் கவனிக்க வேண்டியது.

கோயிலும் உண்டு. அதன் குளத்தில் நம் ஆட்களையே தூக்கிப் போடலாம். ஒரு ட்ரோல், ஒரு பைல் டீமன், ஒரு டார்க் மிஸ்ட்ரஸ் மூன்றையும் பலி கொடுத்தால், ஹார்ன்டு ரீப்பர் என்ற கொம்பு வைத்த கொலைகாரன் கிடைப்பான். சமையல் குறிப்பு மாதிரி ஒரு சூத்திரம், அவ்வளவுதான்.

இங்கே மூன்றாவது கேள்விக்குப் பதில்: யாரும் பார்க்கவில்லை. கைதி பட்டினியில் சாவதைப் பார்த்து வெளியே இருக்கும் பூதங்கள் முகம் சுளிப்பதில்லை. கைதி என்பவன் கச்சாப்பொருள். அதனால் இந்த ஆட்டம் எவ்வளவு கொடூரமாக இருந்தாலும் அரசியல் இல்லாத கொடூரம். தொழிற்சாலையில் உலை எரிகிற மாதிரி.

சாட்சி குடும்பத்தார் என்றால்

ஷ்ரௌடட் ஐல் இதற்கு நேர் எதிர். ஒரு தனித்தீவுக் கிராமம், 5 குடும்பங்கள், நாம் தலைமைப் பூசாரி. பருவத்துக்கு ஒரு முறை குடும்பத்துக்கு ஒருவர் வீதம் 5 பேரை ஆலோசகர்களாக எடுக்க வேண்டும். பருவ முடிவில் அந்த 5 பேரில் ஒருவரைப் பலி கொடுத்தே ஆகவேண்டும். 'வேண்டாம்' என்கிற பொத்தானே கிடையாது.

ஒவ்வொருவருக்கும் ஒரு நற்குணமும் ஒரு பாவமும் உண்டு, ஆனால் இரண்டும் மறைந்திருக்கும். விசாரித்து, வேலை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாவியைப் பலி கொடுத்தால் அவருடைய குடும்பம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பெரிய குற்றம் இல்லாதவரைக் கொடுத்தால் குடும்பம் கொதிக்கும். கொதிப்பு எல்லை மீறினால் நம் கதை முடிந்தது.

அதாவது இங்கே பலிக்கு ஒரு விலை உண்டு, அதை நிர்ணயிப்பது சாட்சிகள். கத்தியைத் தூக்குவதற்கு முன்னால் 'இவர் பாவி' என்று நிரூபித்தாக வேண்டும். ஆட்டத்தின் பாதி நேரம் விசாரணையில்தான் போகிறது. உண்மையைக் கண்டுபிடிக்க விசாரிப்பதாக ஆரம்பத்தில் நினைத்துக்கொள்வோம். நாலு பருவம் போனபிறகு தெரியும், அடுத்த பலிக்குக் காரணம் தேடித்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்று.

ஆட்டுக்குட்டியின் கணக்கு

இனி நம் ஆட்டுக்குட்டி. கதை இப்படித் தொடங்குகிறது: பழைய மதத்தின் 4 பிஷப்கள் ஓர் ஆட்டுக்குட்டியைப் பலி கொடுக்கிறார்கள். கட்டுண்டு கிடக்கும் 'காத்திருப்பவன்' என்ற தெய்வம் அதை உயிர்ப்பித்து, ஒரு சிவப்புக் கிரீடத்தைக் கொடுத்து, 'என் பெயரில் ஒரு மதம் தொடங்கு' என்கிறது. அந்த ஆட்டுக்குட்டிதான் நாம்.

காட்டுக்குள் சண்டைக்குப் போகும்போது அங்கே பலி கொடுக்கப்படவிருக்கும் விலங்குகளைக் காப்பாற்றிக் கூட்டிவருகிறோம். ஹெலோப் என்ற சிலந்தி வியாபாரி பிடித்துவைத்திருக்கும் கைதியைக் காசு கொடுத்தும் வாங்கலாம். வந்தவருக்கு உருவம், நிறம், பெயர் எல்லாம் நாமே வைக்கலாம். என்னிடம் பழனியாண்டி என்று ஒரு தவளை இருந்தது. நல்ல உழைப்பாளி.

ஊரைப் பார்த்துக்கொள்ள மூன்று அளவுகோல்கள்: விசுவாசம், பசி, நோய். இதில் விசுவாசம் குறைந்தால் சிலர் கலகக்காரர்களாக மாறுவார்கள். கலகக்காரன் மற்றவர்களிடம் நம்மைப் பற்றித் தப்பாகப் பேசுவான். கண்டுகொள்ளாமல் விட்டால் ஒருநாள் பணத்தையும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான்.

இவனுக்குத்தான் சிறை. சிறை என்றால் அறை இல்லை, தொழுமரம். தலையையும் கைகளையும் பலகை ஓட்டைகளில் மாட்டி, ஊருக்கு நடுவில் நிற்கவைப்பது. நாளுக்கு ஒரு முறை போய் 'மறுகல்வி' கொடுக்கலாம். சில நாளில் கலகம் தெளிந்துவிடும், அவிழ்த்துவிடலாம். சிறையைக் கையாள்வதில் நான் பின்பற்றும் விதிகள்:

- கலகம் செய்யாதவரைத் தொழுமரத்தில் மாட்டாதீர்கள். ஊரே பார்க்கிறது, விசுவாசம் இறங்கும். ஓர் ஆளை அடக்கப்போய் நாலு பேரைக் கலகக்காரர்களாக்கிவிடுவீர்கள்.
- மாட்டிவைத்தவரை மறக்காதீர்கள். சிறையில் இருக்கும்வரை அவரால் வேலை இல்லை. நீண்ட சண்டைக்குக் கிளம்பும் முன் சிறையை ஒருமுறை பாருங்கள்.
- தெளிந்துவிட்டால் உடனே அவிழ்த்துவிடுங்கள். தானாக விடுதலை ஆகாது.

இதில் மூன்றாவது விதி சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் தண்டனை முடிந்தும் யாரோ ஒருவர் ஞாபகம் வைத்துக்கொண்டு வந்து திறந்தால்தான் வெளியே வரமுடியும் என்பது, இந்த ஆட்டத்தின் மிக யதார்த்தமான விதி என்று எனக்குத் தோன்றுகிறது.

எப்போது பலி?

பலிச்சடங்கு ஆலயத்துக்குள் எல்லோர் முன்னாலும் நடக்கும். சடங்குக்கு எலும்புகள் செலவாகும், முடித்தபின் மறுபடி செய்யச் சில நாள் காத்திருக்க வேண்டும். கிடைக்கும் பலன் சீடரின் லெவலைப் பொறுத்தது. லெவல் ஏற, பலனும் ஏறும். சீடர் தினமும் நம்மிடம் பக்தியாகவும் உழைப்பாகவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதை, ஒரே நாளில் மொத்தமாக வாங்கிக்கொள்வதுதான் பலி. மாதச் சம்பளத்துக்கும் மொத்தத் தொகைக்கும் உள்ள வித்தியாசம்.

உதாரணத்துக்கு நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன், ஆட்டத்தில் உள்ளவை அல்ல. ஒரு சீடர் நாளுக்கு 5 அலகு கொடுக்கிறார், சாப்பாட்டுக்கு 2 செலவு. நிகரம் 3. இன்னும் 20 நாள் உழைப்பார் என்றால் அவரிடம் மீதி இருப்பது 60. இன்று பலி கொடுத்தால் 40 கிடைக்கும் என்றால், வேண்டாம், வைத்துக்கொள்வதே லாபம். 10 நாள் கழித்துப் பாருங்கள். மீதி 30. இடையில் லெவல் ஏறியதால் பலியின் மதிப்பு 50. இப்போது கணக்கு தலைகீழ்.

இதற்கு மேல் முதுமை என்று ஒரு விதி இருக்கிறது. வயதான சீடர் வேலை செய்யமாட்டார். ஆனால் சாப்பிடுவார். அவருடைய நிகரம் நாளுக்கு கழித்தல் 2. இயற்கையாகச் சாகும்வரை அது தொடரும்.

இந்த இரண்டு விதிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவு வருகிறது. பலி கொடுக்க ஏற்ற ஆள் கலகக்காரன் இல்லை. அவன் பெரும்பாலும் புதியவன், லெவல் குறைவு, கொடுத்தாலும் பெரிதாக ஒன்றும் வராது. அவனைத் தொழுமரத்தில் மாட்டிச் சரிசெய்வதே லாபம். ஏற்ற ஆள், நீண்டநாள் கூட இருந்து, லெவல் ஏறி, முதுமையின் வாசலில் நிற்கும் விசுவாசி. அதாவது கைதி பிழைத்துக்கொள்கிறான், விசுவாசி சாகிறார். எந்தச் சீடர் அதிகம் உழைத்தாரோ அவருக்குத்தான் பலிபீடத்தில் அதிக விலை. பழனியாண்டியின் முறை வந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. எண்ணைப் பார்த்தால் இன்றே, பெயரைப் பார்த்தால் நாளைக்கு. அந்தப் பெயரை வைக்கவிட்டதே ஆட்டத்தின் குசும்பு.

கத்தியை விடக் கூர்மையானது

இப்போது மூன்றாவது கேள்விக்கு வரலாம். இந்த ஆட்டத்தில் சாட்சி ஊர்தான். விசுவாச மீட்டர் என்பது ஊரின் கண்.

அந்தக் கண்ணைக் கடக்க ஆட்டம் இரண்டு வழி தருகிறது. ஒன்று ரகசியம். சட்டம் ஒழுங்குக் கோட்பாடுகளில் 'கொலை' என்ற உரிமையை எடுத்துக்கொண்டால், ஒரு சீடரை நேரடியாகக் கொல்லலாம். மற்றவர்கள் பார்த்துவிட்டால் விசுவாசம் விழும். எனவே எல்லோரும் தூங்கும் ராத்திரியில் செய்ய வேண்டும். சாட்சி இல்லை, விலையும் இல்லை. டஞ்சன் கீப்பரின் தர்க்கம் இருட்டில் மட்டும் செல்லுபடியாகிறது.

இரண்டாவது வழி இன்னும் பலமானது. கோட்பாடு. கட்டளைக் கல்லின் துண்டுகள் மூன்று சேர்ந்தால் ஒரு கல். அதைக் கொண்டு ஒரு கோட்பாட்டை அறிவிக்கலாம். ஒவ்வொரு முறையும் இரண்டில் ஒன்றுதான், திரும்ப மாற்ற வழியில்லாத தேர்வு என்று நினைத்துத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். மறுமை பற்றிய பிரிவில் முதலில் வரும் ஜோடி இது: 'பலியில் நம்பிக்கை' அல்லது 'மறுமையில் நம்பிக்கை'. இரண்டாவதை எடுத்தால் ஒருவர் சாகும்போது ஊருக்கு வரும் துக்கம் குறையும். முதலாவதை எடுத்தால் பலி நடக்கும்போது ஊரின் விசுவாசம் ஏறும்.

முதியவர்கள் பற்றியும் ஒரு ஜோடி உண்டு. 'பெரியவர்களை மதி' என்று அறிவித்தால் ஒருவர் முதுமை அடைவது ஊருக்குப் பெருமை. 'நல்லவர் இளமையில் சாவர்' என்று அறிவித்தால், ஒரு முதியவரைப் பலி கொடுக்கும்போது ஊர் மகிழும்.

நிரல் எழுதுபவன் கண்ணில் இது எப்படித் தெரிகிறது என்றால், ஒரு ஃபங்ஷனில் ஒரே ஒரு குறி மாறியிருக்கிறது. கழித்தல் கூட்டலாகிவிட்டது. பலி அதேதான். சாகிறவர் அதே முதியவர். பார்க்கிற ஊரும் அதேதான். நேற்று அழுதது, இன்று கைதட்டுகிறது. ரகசியம் சாட்சியை மறைக்கிறது. கோட்பாடு சாட்சியையே மாற்றி எழுதுகிறது. இதற்குப் பிறகு ராத்திரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பட்டப்பகலில், ஆலயத்தில், பாட்டோடு செய்யலாம்.

ஷ்ரௌடட் ஐலின் பூசாரி ஒவ்வொரு பலிக்கும் தனித்தனியாகக் காரணம் தேடி அலைகிறார். ஆட்டுக்குட்டி ஒரே ஒரு முறை காரணத்தை அறிவித்துவிட்டு, அதன்பிறகு தேடுவதே இல்லை. நிர்வாகத் திறமை என்று பார்த்தால் ஆட்டுக்குட்டி பல மடங்கு மேல்.

இதை எழுதும்போது அலுவலகம் ஞாபகம் வராமல் இல்லை. எங்கள் தொழிலில் ஆட்களை 'ரிசோர்ஸ்' என்றுதான் சொல்வோம். 'ரெண்டு ரிசோர்ஸ் வேணும்', 'அந்த ரிசோர்ஸை ரிலீஸ் பண்ணிடலாம்'. இருபது வருடமாக நானும் இந்தச் சொல்லைப் புழங்குகிறேன். வேலை இல்லாமல் காத்திருப்பவர் பெஞ்சில் இருப்பார், தொழுமரத்தில் நிற்பவர் மாதிரி யாராவது வந்து அவிழ்க்கும்வரை. நாற்பது தாண்டியவரின் சம்பளமும் அவருடைய நிகரமும் ஒரு எக்செல் தாளின் இரண்டு பத்திகள். நானும் அந்த வயதில்தான் இருக்கிறேன். வேலை போவதும் உயிர் போவதும் ஒன்று என்று சொல்லவில்லை, அப்படிச் சொல்வது அபத்தம். ஆனால் கணக்கின் வடிவம் ஒன்றுதான். மூத்தவர் ஒருவர் போகும்போது மற்றவர்கள் என்ன உணரவேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கும் ஒரு சொல் இருக்கும். 'புது ரத்தம்', 'சீரமைப்பு' இப்படி. அந்தச் சொல் ஒரு கோட்பாடு. குறியை மாற்றுவதுதான் அதன் வேலை.

எதை எடுப்பது?

ஆட்ட ரீதியாக என் சிபாரிசு: முதல் முறை ஆடுகிறவர்கள் 'மறுமையில் நம்பிக்கை'யும் 'பெரியவர்களை மதி'யும் எடுங்கள். வரவு கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறும். ஆனால் சாவு எப்படியும் வரும். சண்டைக்குப் போயிருக்கும் நேரத்தில் நோயிலோ முதுமையிலோ யாராவது போய்விட்டால் ஊர் தாங்கிக்கொள்ளும். சவத்தை மட்டும் போட்டுவைக்காதீர்கள், நோய் பரவும். கல்லறையோ எருக்குழியோ முன்கூட்டியே கட்டிவையுங்கள். இரண்டாம் முறை ஆடும்போது எதிர்க் கோட்பாடுகளை எடுத்துப் பாருங்கள். எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்று பார்த்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கும். இரண்டையும் ஆடிப் பார்த்தால்தான் இந்த ஆட்டம் என்ன சொல்கிறது என்பது புரியும்.

கடைசியில் 4 பிஷப்களையும் வீழ்த்தியபிறகு, காத்திருப்பவன் கிரீடத்தைத் திருப்பிக் கேட்கிறான். கொடுப்பது என்றால் நாமே பலியாவது. அவன் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். நாம் உச்ச லெவலில் இருக்கிறோம். செய்யவேண்டிய வேலை முடிந்துவிட்டது. நம் மீதி நாட்களால் அவனுக்கு ஒன்றும் வரப்போவதில்லை. பழனியாண்டிக்கு நான் போட்ட அதே கணக்கு, எண்கள்கூடச் சரியாக இருக்கின்றன.

தலை குனியலாம், மறுக்கலாம், இரண்டுக்கும் ஆட்டம் இடம் கொடுக்கிறது. நான் மறுத்துச் சண்டை போட்டேன். என் சீடர்கள் யாருக்கும் அந்தப் பொத்தான் இருந்ததில்லை.